தாச்சி கழுவின தண்ணீரில் விளைந்த மா

உலகச் சண்டைக் காலத்தில் கூப்பனுக்குக் கிடைத்த தீட்டின வெள்ளை அரிசிக் கஞ்சிதான் எங்கள் வீட்டில் மூன்று வேளையும். என் மனைவி மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இதாவது தங்கவேண்டும் என்று, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லையென மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். மன்னார்த் தீவில் இருந்துகொண்டு மீனை விட்டால் பிறகு என்னத்தைத் தின்பது? அவள் கால்கள் வீங்கின. வாசல் படலையடிக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது.

மருந்து கொடுக்க ஊருக்கு வந்துபோகும் அப்போதிக்கரி ஐயா, வெள்ளை அரிசியில் சத்தில்லை என்று ஒரு வழி சொன்னார். எங்கள் ஊர் தோட்டவெளியில் நாங்கள் பனங்கட்டி காய்ச்சுகிறவர்கள். பாகு காய்ச்சின தாச்சிச் சட்டியைக் கழுவின இனிப்புத் தண்ணீரை ஆட்டுக்குத்தான் ஊற்றுவோம். அதில் கள்ளுப் பானையடியில் தங்கும் மண்டியில் ஒரு பிடி போட்டு ஓயாமல் கலக்கினால் மண்டி பெருகுமாம். அடியில் தங்குவதைக் கழுவி, காயவைத்து வறுத்தால் சத்து மா.

"உயிருள்ள சாமான், ஒண்டு நூறாப் பெருகும். இறைச்சியிலை உள்ள சத்து முழுக்க இதிலை இருக்கு" என்று அவள் முன்னாலேயே பெருமையாகச் சொன்னார். அந்த வாயை அன்றைக்கு யாராவது பொத்தியிருக்கலாம்.

பேய் பிடித்தவன் மாதிரிப் பானைகளைக் கலக்கினேன். மா நன்றாக விளைந்தது. கஞ்சியில் போட்டுக் குடிக்கிறாள் என்றுதான் நம்பினேன். வீட்டுக் கோழிகள் கொழுத்த பிறகுதான், அவள் அதைத் தவிட்டில் கலந்து அவற்றுக்கு வைத்தது தெரிந்தது. உயிருள்ள சாமானென்றால் அதுவும் மச்சம்தான் என்றாள்.

"வறுத்த மாவிலை உயிர் எங்கையப்பா இருக்கு?" என்று கத்தினேன்.

"கருவாட்டிலை மட்டும் இருக்கோ? அதையும் மச்சமெண்டுதானே விட்டனான்."

கோயில் சுவாமியாரைக் கூட்டிவந்தேன். நோயாளிக்கு நேர்த்தி கட்டாயமில்லை என்றார். தலையாட்டினாள். அவர் படலை தாண்டியதும், "சுவாமி விடச் சொல்லலாம். நான் பிள்ளையைக் கேட்டது அவரிட்டையோ?" என்றாள். பிடிவாதக்காரி. எனக்குக் கோபம்தான். ஆனாலும் பானை கலக்குவதை விடவில்லை.

பெண்பிள்ளை பிறந்தது, நன்றாக அழுதது. தாய்க்குத்தான் மூச்சு ஏறவில்லை. சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலுக்கு வந்த சுவாமியார், அவள் கேட்டபடியால் பிள்ளைக்கும் அங்கேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, நேர்த்தி முடிஞ்சுது. உங்கடை மாவைக் கரைச்சுக் கொண்டுவாங்கோ. இனிக் குடிக்கிறன்."

ஓடிப்போய்க் கரைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். விழுங்க முடியாமல் கடைவாயால் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். போதும் என்று சுவாமியார் என் கையைப் பிடிக்கும்வரை வைத்துக்கொண்டே இருந்தேன்.