அப்பாவின் பெல்ட்டில் அம்மா போட்ட துளை

தோல் கருகும் மணம் வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு நிமிரும். ஒஸ்லோவின் புருசெத்தில், எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குசினியில், ஒரு ஜூலை மாதப் பின்னேரம் அந்த மணம் எழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதை எழுப்பியவர் என் அம்மா. நடந்ததைச் சொல்வதற்கு முன் கோல்ஃபைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், அப்பா சொல்லும் அளவுக்கு நீட்டமாட்டேன்.

அப்பா நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே தங்குமிடத்துத் தொலைக்காட்சியில் ஒரு ஜூலையில் தற்செயலாகக் கண்டதுதான் ஓப்பன், அதாவது கோல்ஃப் உலகத்திலேயே மிகப் பழைய, பெரும் மதிப்புள்ள போட்டி. "வெளியிலை முழுக்கக் கல்லும் கடலும். கொஞ்சம் பச்சையைப் பாப்பம் எண்டுதான் இருந்தனான்" என்பார். பச்சையைப் பார்க்க இருந்த மனிதர் ஆட்டத்துக்குள் விழுந்துவிட்டார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பஸ் ஓட்டப் பழகி, அம்மாவைக் கூப்பிட்டு, நான் பிறந்து வளர்ந்து இரண்டாயிரத்து மூன்று, நான்கு என்று வருடங்கள் போன காலத்திலும் ஜூலை என்றால் அவருக்கு அந்தப் போட்டிதான். நாடே விடுமுறையில் கிளம்பும் "ஃபெல்லஸ்ஃபெரியே" நாட்களில் என் வகுப்புப் பிள்ளைகள் கடற்கரைக் குடில்களுக்குப் போனார்கள். நாங்கள் சோபாவில் இருந்தபடி ஸ்கொட்லாந்துக்குப் போனோம்.

அந்தப் போட்டியின் சரித்திரத்தை அப்பா வருடாவருடம் புதுச் செய்தி போலச் சொல்வார். முதல் ஆண்டு எட்டே எட்டுப் பேர்தான் ஆடினார்களாம், எல்லோரும் கோல்ஃபையே தொழிலாகக் கொண்டவர்கள். அடுத்த ஆண்டே, இது உலகம் முழுவதுக்கும் திறந்த போட்டி என்று அறிவித்தார்களாம்; ஓப்பன் என்பது அதனால்தான். வென்றவனுக்குக் கிண்ணம் கிடையாது, வெள்ளிக் கொளுக்கி வைத்த சிவப்புத் தோல் பெல்ட். ஒரு வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வென்றால் மட்டும் அது அவனுக்கே சொந்தம். யார் அப்படி வெல்லப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். இருபது வயது நிரம்பாத ஒரு பொடியன் வென்று, பெல்ட்டை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டான். கொடுக்கப் பரிசில்லாமல் அடுத்த ஆண்டு போட்டியே நடக்கவில்லை. இந்த இடத்தில் அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார், முதல் தடவை கேட்பவர் போல.

ஒரு வசந்தத்தில், பாடசாலை இசைக்குழுவுக்காக நடக்கும் "லொப்பெமார்க்கெத்" என்ற பழைய சாமான் சந்தையில், அப்பா ஒரு பை நிறையப் பழைய கோல்ஃப் மட்டைகள் வாங்கி வந்தார். அந்த ஜூலையிலேயே எங்கள் அடுக்குமாடிப் புளொக்குகளுக்கு நடுவே இருந்த புல்வெளியில் எங்கள் ஓப்பன் தொடங்கியது. கட்டடங்களைப் பராமரிக்கும் "வக்த்மெஸ்தர்" ஜன்னல் உடையக் கூடாது, புல்லைத் தோண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்து. குழிக்குப் பதிலாகப் பக்கவாட்டில் படுக்கவைத்த பால்மா டின்கள். பந்து டின்னுக்குள் போய் நின்றால்தான் கணக்கு. ஆட வந்தவர்கள் அப்பாவின் சிநேகிதர்கள். அவர்களில் கெட்டிக்காரர் சிவம் மாமா, ஹம்மர்பெஸ்டில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். பரிசு? சரித்திரம் பிசகக் கூடாதே! முதற் சம்பளத்தில் வாங்கிய தன் தோல் பெல்ட்டை அப்பா இடுப்பிலிருந்து உருவி மேசையில் வைத்தார். தானே வெல்லுவார் என்ற நம்பிக்கைதான், வேறென்ன.

ஆனால் சரித்திரத்துக்கு எட்டுப் பேர் வேண்டும், நின்றது ஏழு பேர். வடைத் தட்டோடு வந்த அம்மாவைப் பார்த்து, "நீரும் ஒருக்கா நில்லும், எண்ணிக்கைக்கு" என்றார் அப்பா. ஓப்பனில் ஒருவர் முதல் அடி அடிப்பதற்கு முன் அவர் பெயரை உரத்துச் சொல்வது வழக்கம். அப்பாவும் குரலைச் சரிசெய்து "புவனேஸ்வரி!" என்று கூவினார். வீட்டில் அவர் அம்மாவை "இஞ்சரும்" என்றுதான் கூப்பிடுவார்; அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் சொல்லக் கஷ்டமென்று "புவா" ஆக்கிவிட்டார்கள். முழுப்பெயர் வெட்டவெளியில் ஒலித்ததும் அம்மாவின் முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன். அவர் தடியால் பந்தை விளாசி ஓடும் "எல்லே" விளையாட்டில் பள்ளிக்கூட அணியில் ஆடியவர் என்பது அப்பாவுக்கே தெரியாது; கேட்டிருந்தால்தானே சொல்ல! புளொக்குகளுக்கு நடுவே வீசும் காற்றில் ஆண்களின் பந்துகள் எங்கெங்கோ பறக்க, அம்மா துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு புல்லை ஒட்டித் தாழ்வாக அடித்தார். வென்றார்.

பெல்ட் அம்மாவின் இடுப்பில் நிற்கவில்லை. கடைசித் துளையில் மாட்டியும் வழுகியது. "ஒரு ஓட்டை போடுங்கோவன் அக்கா" என்றார் சிவம் மாமா. "திருப்பிக் குடுக்கிற சாமானிலை ஓட்டை போடுறதோ?" என்ற அம்மா, அதைக் கையால் பிடித்துக்கொண்டே படியேறினார். முதல் வெற்றியை அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த வருடமும் அவரே வென்றார்.

மூன்றாம் வருடம்தான் பிரச்சினை. "அண்ணை, காற்சட்டை நிக்குதோ? பெல்ட் அக்காவிட்டையெல்லே!" என்று அப்பாவைக் கண்ட இடமெல்லாம் பகிடி பண்ணினார்கள். போட்டிக்குக் கிட்டவாக ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட வந்த சிவம் மாமா, "பொம்பிளையளுக்குத் தனிப்போட்டி வைப்பம் அண்ணை. அதுக்கு நல்லதொரு பூச்சாடி குடுப்பம்" என்றார். அப்பா உடனே மறுக்கவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. அம்மா இந்த நாட்டுக்கு வந்தது அப்பாவின் விசாவில், இருந்தது அப்பா பெயரிலுள்ள வீட்டில். தன் கையால் வென்றது என்று அவருக்கு இருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். இன்னும் ஒரு வெற்றி, பெல்ட் அவருக்கே. அதற்குள் ஒரு பூச்சாடியைக் காட்டி அவரை ஓரம் கட்டப் பார்த்தார்கள்.

அம்மா சோற்றுக் கரண்டியோடு குசினி வாசலுக்கு வந்தார். "ஜூலை வந்தால் ரீவிக்கு முன்னாலை இருந்து உலகம் முழுக்கத் திறந்த போட்டி எண்டு கத்துறியள். புருசெத் என்ன, உலகத்துக்கு வெளியிலையோ? எண்ணிக்கைக்கு ஆள் காணாட்டில் நான் வேணும், வெண்டால் நான் வேண்டாமோ?" பிறகு சிவம் மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னுமொரு கரண்டி சோறு போட்டு, "பூச்சாடியை நீர் கொண்டுபோம் தம்பி" என்றார். அப்பா நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். "ஓம் சிவம். ஓப்பன் எண்டால் ஓப்பன்தான். அதை நாங்கள் மாத்தேலாது."

போட்டியன்று சிவம் மாமா அருமையாக ஆடினார், பொய் சொல்லக் கூடாது. கடைசி டின்னுக்கு வரும்போது இருவரும் சமம். மாமாவின் பந்து நேராக டின்னுக்குள் பாய்ந்து, அடித் தகட்டில் "டங்" என்று மோதி, அப்படியே வெளியே உருண்டு வந்தது. "உள்ளை போட்டுது! எல்லாரும் பாத்தனியள்தானே!" என்று அவர் குதித்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். "போனது சிவம், நிக்கேல்லை. நிண்டால்தான் கணக்கு" என்றார் அப்பா. அம்மா மூச்சை அடக்கி, தூங்கும் பிள்ளையைத் தட்டுவது போல மட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து போனது, சத்தமில்லாமல் நின்றது. நான் போட்ட கூச்சலில் மேல்மாடி நோர்வேஜியக் கிழவி பல்கனிக்கு வந்து, என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார்.

அம்மா கை தட்டலுக்கு நிற்கவில்லை. விறுவிறென்று வீட்டுக்குப் போய், மின்னடுப்பைச் சிவக்கவிட்டு, ஓர் ஆணியைக் குறட்டால் பிடித்துச் சூடாக்கி, அப்பாவின் ஹம்மர்பெஸ்ட் பெல்ட்டில் தன் இடுப்புக்கு அளவாக ஒரு துளை போட்டார். வாசலில் நின்ற அப்பா, "வடிவா நடுவிலை போடும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. ஆனாலும் நான் நகரவில்லை.

அடுத்த வருடம் எங்கள் ஓப்பன் நடக்கவில்லை, கொடுக்கப் பரிசில்லை. "எங்கடை சரித்திரமும் பிசகேல்லை" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்கடுத்த வருடம் ஒரு பழைய காப்பிக் கேத்தலைப் பரிசாக வைத்துப் பார்த்தார். அதற்குள் சிவம் மாமா லண்டனுக்குப் போய்விட்டார், மற்றவர்களும் தூரத்தில் வீடு வாங்கிப் போனார்கள், எட்டுப் பேர் சேரவில்லை. இன்று அந்தப் புல்வெளியில் கார்களுக்கு மின்னேற்றும் தரிப்பிடம் இருக்கிறது. கை தட்டிய கிழவியும் இல்லை, அந்த மட்டைப் பை எங்கே போனதென்றும் தெரியவில்லை.

போன ஜூலையில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தொலைக்காட்சியில் ஓப்பன் போய்க்கொண்டிருந்தது; அப்பா விடுவாரா, நோர்வேஜிய மொழியில் முழுச் சரித்திரத்தையும் தொடங்கிவிட்டார். அந்தப் பெல்ட் இப்போது எங்கே என்று அவள் கேட்டாள். அது ஸ்கொட்லாந்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, எங்களுடையது இப்போது வரும் என்று சொல்லிவிட்டு, அப்பா குசினிப் பக்கம் திரும்பிக் குரலைச் சரிசெய்தார். "இஞ்சரும்" என்று கூப்பிடவில்லை.

"புவனேஸ்வரி!"

அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். இடுப்பில் பெல்ட் இருந்தது, தான் போட்ட துளையில் கொளுக்கி மாட்டியபடி.