எந்தப் பாதை வழியா திரும்பி வருவீங்க?

ஐஸ் மெஷின் கடகடவென்று கொட்டினால், ஆளைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும்: யாரோ விடிவதற்குள் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நடக்கக் கிளம்புகிறார். மேற்கு டெக்சாஸ் பாலைவன ஓரத்தில் ஒரு மோட்டல். 2004இலிருந்து அதன் இரவு ஷிஃப்ட் என்னுடையது; குடியிருப்பதும் அங்கேயே ஓர் அறையில். கவுண்டருக்குப் பின்னால் நின்று தேய்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? சாவி கொடுப்பதைவிட வாயை அடக்குவதுதான் பெரிய வேலை.

நான் என்ன ஒட்டகமா?

கலிஃபோர்னியா சன்னிவேலிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர் கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். "நாலு லிட்டராவது வேணும் சார்" என்றேன். "நான் என்ன ஒட்டகமா?" என்று சிரித்தார். விடாமல் ஒரு கேனை அவர் காரில் ஏற்றினேன். மதியம் காலிக் கேனோடு, உதடு வெடித்து வந்து நின்றார். "ஒட்டகம்தாண்ணா, ஒத்துக்கறேன். இன்னொரு கேன் இருக்கா?"

விழுங்கிய கேள்வி

ஹூஸ்டன் நகரின் ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அங்கிள் ஒருவர், தனியாக நடக்கக் கிளம்பினார். கிளம்புகிறவரை "எங்கே போறீங்க?" என்று கேட்கக்கூடாதே! நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். முழங்கால் வலியால் அறையிலேயே தங்கிவிட்ட ஆன்ட்டியும் கேட்கவில்லை.

பதினொன்றுக்கு வருகிறேன் என்றவர் மூன்றாகியும் வரவில்லை. வெயிலோ கொளுத்துகிறது. பள்ளத்தாக்கின் காவல் அதிகாரியான ரேஞ்சரைப் போனில் கூப்பிட்டேன். "எந்தப் பாதையில் போனார்?" என்றார் ரேஞ்சர். இருப்பது மூன்று பாதைகள். மூன்றிலும் ஆள் பிரிந்து தேடினார்கள். கணுக்கால் பிசகி, பாறை நிழலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவரைப் பொழுது சாயும்போது தூக்கி வந்தார்கள். ரேஞ்சரின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே நன்றி சொன்னேன். வேறு மொழி வரவில்லை.

"கிளம்பறப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார் அங்கிள். ஆன்ட்டி விடவில்லை: "கேட்டிருந்தா, சகுனம் சரியில்லன்னு எங்க ரெண்டு பேரையும் வறுத்தெடுத்திருப்பீங்க!"

கவுண்டர் நோட்டு

அன்றிலிருந்து கவுண்டரில் ஒரு நோட்டு. கேள்வியை மட்டும் திருப்பிப் போட்டேன்: "எந்தப் பாதை வழியா, எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க?" வருவதைக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அடுத்த வருஷம் அதே அங்கிள் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேனாவை எடுத்து அவரே எழுதினார்: தன் பேர், ஆற்றோரப் பாதை, பத்து மணி. ஷிஃப்ட் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. துண்டுகளை மடிப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் புழுதி பூட்ஸோடு வந்து நின்றார். அப்பாடா என்று அவர் பேரைக் கோடு போட்டு அடிக்கப் போனேன். பதறிவிட்டார்: "பேரை அடிக்காதீங்க தம்பி, டிக் போடுங்க!"

யாரிடமும் படிக்காமல் நானே கற்றுக்கொண்ட வித்தைகளில் உருப்படியானது இந்த டிக் ஒன்றுதான் என்று நினைத்தபடி, பாதியில் விட்ட துண்டை எடுத்து மடித்தேன்.