காருக்கு எதற்கு நாலு சிலிண்டர்

மகள் தானாக எனக்குப் போன் செய்வது அபூர்வம். அவள் அம்மாதான் பேசுவாள். கடைசியில் போனை அவளிடம் நீட்டுவாள். அவளும் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதனால் அன்று அவள் பெயர் திரையில் வந்ததும் நெஞ்சு பதறிவிட்டது. பதற ஒன்றுமில்லை. பதினோராம் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டுமாம். பைக்குக்கு ஒரு சிலிண்டர் போதுமென்றால் காருக்கு ஏன் நாலு என்பது அவளுக்கு வந்த தலைப்பு. "எப்பா, நீங்கதான இன்ஜின் கம்பெனில இருக்கீங்க, சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பதினான்கு வருடமாக ஓசூரில் இன்ஜின்களை ஓட்டிப் பார்த்து அனுப்புகிற வேலை. கண்ணாடி அறை, காதில் அடைப்பான், எட்டு மணி நேரம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. மனைவிக்குக் கோவில்பட்டியில் அரசுப் பள்ளி வேலை, விட்டுவிட்டு வர முடியாது. நான் இங்கே ஒற்றை அறையில் குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்துக்கொண்டு கிடக்கிறேன். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இவள் கேட்டுவிட்டாள், விடுவேனா?

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பாகலூர் ரோட்டில் தெரிந்த மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனேன். அவருக்கு வீட்டில் தெலுங்கு, தொழிலில் கன்னடம், என்னிடம் இரண்டும் கலந்த தமிழ். விஷயத்தைச் சொன்னதும், "பாப்பாவுக்கா? அப்போ சத்தம் நல்லா கேக்கணும் சார்" என்று ஒரு பழைய காரை ஸ்டார்ட் செய்து, ஒரு சிலிண்டருக்குப் போகும் வயரைக் கழற்றினார். மீதி மூன்றில் ஓடிய வண்டி குலுங்க ஆரம்பித்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்திச் சொன்னேன். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தள்ளும். மீதி நேரம் காற்றை இழுக்கவும் அமுக்கவும் புகையை வெளியேற்றவுமே சரியாகப் போய்விடும். நாலு இருந்தால் முறைவைத்துத் தள்ளும், எப்போதும் ஏதாவது ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும். நாலுக்குப் பதில் ஒரே பெரிய சிலிண்டர் வைத்தால் அந்தக் கனத்த பிஸ்டன் வேகமாக ஏறி இறங்காது, வண்டியையே உலுக்கி எடுத்துவிடும். இப்படிப் பதினொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

முதலாவதை மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டால் என் போனில் அந்த மெசேஜின் பக்கத்திலுள்ள மைக் படம் நீலமாகும். மீதிப் பத்தும் சாம்பலாகவே இருந்தன. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். ஒரு வாரம் பொறுத்து நானே போன் செய்தேன். அந்தத் தலைப்பை வேறொரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பெண் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. முகம் தெரியாத பிள்ளை, அது என்ன செய்யும்!

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மதியம் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, என் போனிலேயே நாலாவது மெசேஜைப் போட்டுக் கேட்டேன். இன்ஜின் சத்தத்துக்கு மேல் நான் கத்திக்கொண்டிருந்தேன். நடுவே மெக்கானிக்கிடம் கன்னடம் வேறு. அந்தப் பேச்சு எப்போது என் வாயில் ஏறியது என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"எப்பா, யாரு அது பேசுதது? உங்க ஊர்க்காரரா?"

"ஆமாம்மா" என்றேன்.