வாட்ச்மேன் நடக்கும் வழி

அந்த விளையாட்டை முதல் முறை ஆடியபோது என் மனைவி ஜாய்ஸ்டிக்கை என் மடியில் எறிந்துவிட்டு அடுப்பு மூலைக்கு ஓடிவிட்டாள். பட்டப்பகல், வார லீவு. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையின் ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியவன் நான்தான். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது. இவளோ சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நிறுத்து மாமா, அவன் வரான், நிறுத்து" என்கிறாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மீஞ்சூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய கன்சோல் அது. அதிலேயே இந்தப் பேய் விளையாட்டும் இருந்தது. மூடிப்போன ஒரு விடுதி. நம் கையில் ஒரு டார்ச் மட்டும். ஐந்து மாடிகளிலும் சாவிகளைத் தேடி எடுத்து வெளியேற வேண்டும். செத்துப்போன வாட்ச்மேன் ஒருவன் மட்டும் இன்னும் வேலையை விடாமல் சுற்றிக்கொண்டிருப்பான். லத்தியைச் சுவரில் உரசிக்கொண்டே வருவான். சர்ர்ரென்று அந்தச் சத்தம் முதலில் எங்கோ கேட்கும். மேல் மாடியா, பின்னாலா என்று புரியாது. அடிக்க ஆயுதம் கிடையாது. ஒளிய இரண்டு பீரோ உண்டு, அவ்வளவுதான்.

என் மனைவி பயந்தாங்கொள்ளி அல்ல. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவள். வலையில் சிக்கிய நண்டைச் சின்ன வயதிலிருந்தே வெறுங்கையால் பிரித்துப் போட்டவள். அதைச் சொல்லி நான் கேலி செய்தபோது அவள் சொன்னாள்: "நண்டு எந்தப் பக்கம் கடிக்கும்னு எனுக்குத் தெரியும். இவன் எங்கேர்ந்து வருவான்னு தெரியலியே."

அவளுக்கே தெரியாமல் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தால் ஆட்டம் முடிந்துவிடும், மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. அவன் வராத நேரம்தான் நெஞ்சை அடைக்கிறது. வெறும் நடைபாதை, மூடிய கதவு, உரசல் சத்தம் நின்றுபோன அந்தச் சில நொடிகள். அங்கே விளையாட்டு நமக்கு எதையும் காட்டுவதில்லை. மிச்சத்தை நாமே நம் தலைக்குள் செய்துகொள்கிறோம்.

மூன்று நான்கு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு லீவு நாளில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, வாயில் முறுக்கோடு நிதானமாக ஆடிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் போர்வை அவிழ்ந்து அறையெல்லாம் வெயில். திரையில் வாட்ச்மேன் இரண்டடி தள்ளி நடந்து போகிறான். "இன்னா வாட்ச்மேன், நாஷ்டா ஆச்சா?" என்று அவனை விசாரிக்கிறாள்.

அவனுடைய வழி அவளுக்குப் பாடமாகிவிட்டது. படிக்கட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இருபத்தி இரண்டு அடி, நின்று திரும்புவான், மறுபடி படிக்கட்டு. தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பும்போது நாம் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். முன்பு குலை நடுங்கவைத்த லத்திச் சத்தம் இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று துப்புச் சொல்லும் சத்தம். ஒரு தடவை அவன் பாதி உடம்பு சுவருக்குள் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எந்தப் பேயும் இப்படி ஷிஃப்ட் பார்க்கும் ஆளாக மாறும்வரைதான் பேய். விதி தெரிந்தால் பயம் போய்விடும் என்று நான் அப்போது ஒரு தத்துவம் வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தத்துவத்தை என் மனைவியின் இடது கையில் பரீட்சை செய்து பார்த்ததுதான் நான் சொல்ல வந்தது.

அவள் வேலை பார்த்த தையல் யூனிட்டை மூடிவிட்டார்கள். நான் இங்கே ஒரு பிரஸ் ஷாப்பில் செட்டர். தகட்டை வெட்டி வளைத்து வண்டிகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் அடிக்கும் இடம். மிஷினில் அச்சைப் பூட்டி, அளவு சரி பார்த்து, ஓட்டுபவர்களிடம் ஒப்படைப்பது என் வேலை. அங்கே ஆள் கேட்டார்கள், நானே அவளைச் சேர்த்துவிட்டேன்.

பிரஸ் என்பது இரண்டு அச்சு. கீழே ஒன்று அசையாமல் இருக்கும். மேலே இருப்பது இறங்கி அடிக்கும். நடுவில் தகட்டை வைத்து, வலக்கைக்கு ஒன்றும் இடக்கைக்கு ஒன்றுமாக இருக்கும் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே மாட்டக் கை ஏது? அதற்காகத்தான் இரண்டு பட்டன். ஆனால் அப்படி ஓட்டினால் வேலை நத்தை வேகத்தில் நகரும். அதனால் இடது பட்டனை அமுக்கியபடியே ஒரு வாஷரைப் பக்கத்தில் செருகிவிடுவோம். அது அமுங்கியே கிடக்கும். வலக்கை பட்டனில், இடக்கை தகட்டை வைக்கவும் எடுக்கவும். இதை யாரும் செய்யச் சொல்வதில்லை, யாரும் செய்யாதே என்றும் சொல்வதில்லை. செருகிக் கொடுப்பது செட்டர்தான். அவள் மிஷினிலும் நானே செருகினேன். கட்டிய பெண்டாட்டி மிஷினில்.

முதல் நாள் அவள் அடி விழும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டாள். தகட்டைக் கோலம் போடுகிறவளைப்போல விரல் நுனியால் வைத்துவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனுக்கு வேணாம் மாமா. அதைப் பாத்தாலே பேஜாரா கீது" என்றாள்.

"இந்தா பாரு, இதுவும் வாட்ச்மேன் மாதிரிதான்" என்றேன். "பட்டனை அமுக்குனாதான் எறங்கும். அமுக்கலன்னா செவனேன்னு நிக்கும். அதோட வழி தெரிஞ்சிக்கினா ஒண்ணும் இல்ல. நாலு நாளு பாரு, பயமே போயிடும்."

சொன்னபடியே போய்விட்டது. நாலு நாள்கூட ஆகவில்லை. பிறகு மிஷினைப் பார்க்காமலேயே ஓட்டினாள். பக்கத்து மிஷின் அக்காவோடு சீரியல் கதை பேசிக்கொண்டு, அடிக்கு அடி கை உள்ளே போகும், வெளியே வரும். சூப்பர்வைசர் என்னிடம், "உங்க ஊட்டுக்காரம்மா கில்லிப்பா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் அவளுக்கு எதிரே நின்று வேறொரு அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு அடி அடித்தாள். அடுத்த தகட்டை வைக்க இடக்கையைக் கொண்டுபோகும்போது நெற்றியில் முடி விழுந்தது. போன கையைத் திருப்பி முடியை ஒதுக்கினாள். வலக்கை பட்டனில் இல்லை, பக்கத்தில் இருந்த தகட்டின் மேல் இருந்தது. இரண்டையும் நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போது மேல் அச்சு தானாக இறங்கி வெறும் அச்சில் ஒரு அடி அடித்துவிட்டு மேலே போனது.

அவள் கவனிக்கக்கூட இல்லை. முடியை ஒதுக்கிவிட்டு அடுத்த தகட்டை வைத்தாள்.

என் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. இதை டபுள் அடி என்போம். உள்ளே கிளட்ச் தேய்ந்தாலோ பிரேக் தளர்ந்தாலோ யாரும் கேட்காமலேயே இன்னொரு அடி விழும். கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டும்தான் அவளிடம் அப்படிச் சொன்னேன். என் தத்துவத்தில் இருந்த பெரிய ஓட்டை எனக்கு அன்றுதான் தெரிந்தது. விளையாட்டில் வாட்ச்மேன் ஒரு நாளும் இருபத்தி மூன்றாவது அடி வைக்கமாட்டான். யாரோ அவனுக்கு எழுதிக் கொடுத்ததைத் தாண்ட அவனால் முடியாது. அதனால் அங்கே பயம் போவது நியாயம். இரும்புக்கு அப்படி எவனும் எழுதிக் கொடுக்கவில்லை.

மிஷினை நிறுத்தி, பிரேக்கைச் சரி செய்ய ஆள் வரவழைத்து, வாஷரைப் பிடுங்கி எறிந்தேன். வீட்டுக்கு வந்து அவளிடம் நடந்ததைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை அப்படி அவள் பார்த்ததே இல்லை. தன் இடக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினாள்.

அன்று என்னைப் பிடித்த பயம் என்னை விடவில்லை. அவள் கத்தரிக்காய் நறுக்கும்போதும், எனக்குச் சோறு போடும்போதும் அந்தக் கையையே பார்ப்பேன். முழுசாக, வளையலோடு இருக்கிற கை அப்போதே இல்லாமல் போனதுபோல எனக்குத் தெரியும். பஸ் கதவு அடித்துச் சாத்தினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. அவளுக்குப் பயத்தைப் போக்கிக் கொடுத்தவன் நான், அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மிஷினின் இடது பட்டன் மறுபடி அமுங்கிக் கிடந்தது. வாஷர். அதை நான் வைக்கவில்லை. வேறு செட்டரும் வைக்கவில்லை.

"நீயா?"

"எல்லாரும் சொம்மா ஒரு கையால அடிச்சினுகீறாங்க, நான் ஒருத்திதான் பூஜை பண்ற மாதிரி அமுக்கினுகீறேன்னு சிரிக்கிறாங்க மாமா. பிரேக்குதான் ரெடி பண்ணிட்டாங்களே. இன்னும் இன்னா?"

பிடுங்கினேன். மறுநாள் இருந்தது. மறுபடி பிடுங்கினேன். வேலைக்கு வராதே என்று கத்தினேன், இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். சூப்பர்வைசரிடம் சொன்னேன். எல்லா மிஷினிலும் வாஷரை எடுத்துவிட்டால் நாளுக்கு இத்தனை பாகம் என்ற கணக்கை நீயே வந்து முடிக்கிறாயா என்று கேட்டார். என்னால் கடைசியில் செய்ய முடிந்தது ஒன்றுதான். வேலை நடுவே அடிக்கடி அவள் பக்கம் போய்ப் பார்ப்பது. டூல் ரூமிலிருந்து கிளம்பி, வரிசை ஓரமாக அவள் மிஷின் வரை நடந்து, திரும்பி வருவேன். போகும்போதெல்லாம் பட்டன் இரண்டும் சரியாக இருந்தன. அவளும் சமர்த்தாக இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். முட்டாள்.

போன மாதம் ஒரு நாள் டூல் ரூம் வழியில் டிராலி நின்றிருந்ததால் கழிவுத் தகடு கொட்டும் பின்கதவு வழியாக உள்ளே வந்தேன். அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன். இடது பட்டனில் வாஷர் இருந்தது. அவள் கை உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. கண் மட்டும் அடிக்கொரு தடவை டூல் ரூம் பக்கம் போய் வந்தது. நான் எப்போது வருவேன், எங்கே திரும்புவேன் என்பது அவளுக்குப் பாடம். பக்கத்து அக்கா அவளைப் பார்த்து, "வாட்ச்மேன் காணமே இன்னிக்கு?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டுக் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு திரும்புவாள். கை வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. வாயைத் திறப்பதற்குள் மறுபடி உள்ளே போனது. எத்தனை அடி விழும்வரை அப்படி நின்றேனோ தெரியாது. பின்பு சுவரோரம் போய் அந்த வரிசையின் மெயினையே அணைத்தேன்.

சத்தமெல்லாம் அடங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் பயம் அது. என்னைப் பார்த்த பயம். பிறகு சும்மா நிற்பானேன் என்று நினைத்தாளோ என்னவோ, அச்சில் பாதி அடிபட்டுச் சிக்கியிருந்த தகட்டை எடுக்க இடக்கையை உள்ளே விட்டாள். இந்த முறை மணிக்கட்டு வரை.

பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் இருக்கும். அடிக்கும் பலமெல்லாம் அதில்தான். கரண்டை அணைத்தாலும் அது பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும்வரை ஒரு அடி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். நான் ஓடினேன். எதையோ தட்டிவிட்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தகட்டுக் குவியல்மேல் விழுந்தோம்.

"இன்னா மாமா, பைத்தியமா உனுக்கு?" என்றாள். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். "கரண்டுதான் இல்லியே."

நான் சக்கரத்தைக் காட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, இடக்கை தானாகப் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. அவளுக்குப் பயம் வந்துவிட்டதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெண்டாட்டி நடுங்குவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அது நடந்து இன்றைக்குப் பதினேழு நாள். இன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, அந்தப் பயத்தின் சுவடே இல்லாமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை சீவினாள்.