அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு கமா

பதுளையில் ஐந்து நாளும் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்திவிட்டு, சனிக்கிழமையும் பசறைக்கு பஸ் ஏறுவது அந்த வருஷம் எனக்குப் பெரும் பாரமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு. அவர்களும் களைத்துத்தான் வருவார்கள். நான் எழுதுவதைப் பார்த்து எழுதுவார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அன்று கமா பாடம். மடுல்சீமையிலிருந்து வரும் ஒரு பெண், கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தனக்கு போன் வாங்கித் தந்ததாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். 'ஹூ' (who) என்று தொடங்கும் நடுத்துண்டின் இரண்டு பக்கமும் கமா இல்லை.

"ஒங்களுக்கு எத்தனை அண்ணன்?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விளக்கினேன்.

"ஒரே அண்ணன்னா, கொழும்புல வேலை செய்றாருங்கிறது கூடுதல் தகவல். அதை எடுத்துட்டாலும் யாருன்னு தெரியும். அதனால ரெண்டு பக்கமும் கமா. ரெண்டு மூணு பேர் இருந்தா, எந்த அண்ணன்னு அந்தத் துண்டுதான் காட்டுது. அப்ப கமா போடக் கூடாது."

"ரெண்டு பேருங்க டீச்சர். சின்னண்ணன் மண்சரிவுல போயிட்டாரு. ஒடம்பு கெடைக்கல." கொப்பியில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "இப்ப கமா போடணுங்களா?"

இத்தனை வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"போட்டா, ஒங்களுக்கு ஒரே அண்ணன்னு ஆயிடும்."

"அப்ப வேணாங்க."

"சரி, போடாதீங்க."

பக்கத்தில் இருந்த வயதான அக்கா அவள் முதுகில் கை வைத்தார். பிறகு தன் கொப்பியைத் திறந்து, மகளைப் பற்றி எழுதியிருந்த வாக்கியத்தில் இரண்டு கமாவையும் ரப்பரால் அழித்தார். நான் பார்த்தேன். அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

கடைசிப் பரீட்சையில் அந்தப் பெண் அதே வாக்கியத்தை எழுதினாள். விடைத்தாள்களைத் திருத்தியது வேறு யாரோ. சித்தியடைந்துவிட்டாள், ஆனால் திரும்பி வந்த தாளில் அண்ணனுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் கமா போடப்பட்டிருந்தது.

"நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"விடுங்க டீச்சர். அவங்களுக்கு என்ன தெரியும்," என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.