எந்தக் கடல்

"உன்ர பள்ளிக்கூடத்து இங்கிலீசு இந்தக் கடதாசிக்குக் காணுமோ, பிள்ளை?"

என் இங்கிலீசு போதுமா என்று மாமி இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. மன்னார் நகரத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூட விடுதியில் சேர்ந்து, முதல் விடுமுறைக்குப் பேசாலைக்கு வந்திருந்தேன். மாமி என் அப்பாவின் அக்கா. எங்கள் வளவுக்குள்ளேயே தனி வீட்டில் தனியாக இருந்தார். பெட்டகத்தைத் திறந்து, கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலையின் மடிப்புக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் தந்தார். நான்காக மடித்தது. மடிப்புகளில் மஞ்சள் ஏறியிருந்தது. மேலே ஒரு கப்பல் கம்பனியின் முத்திரை. கீழே தட்டச்சில் ஏழெட்டு வரிகள்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா பெருவிரலை மையில் தோய்த்துத்தான் கையெழுத்து வைப்பார். ஆகவே காகிதத்தை நான் மிகுந்த பெருமையோடு வாங்கினேன். மூன்று சொற்கள் தெரிந்தன: கப்பல், துறைமுகம், கணவர். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "மூண்டு சொல்லுக்கோ மாசக்கணக்கா அங்க கிடந்தனி? காணாது, காணாது. அடுத்த லீவுக்கு வா, பாப்பம்." காகிதம் மறுபடி கூறைக்குள் போனது. அந்தச் சிரிப்பில் ஓர் ஆறுதல் இருந்ததை வெகுகாலம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

மாமாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். உலகத்தின் வேறேதோ மூலையில் தொடங்கிய யுத்தம் எங்கள் கரைக்கு முதலில் வந்தது துவக்கோடும் தோட்டாவோடும் அல்ல. வலை பின்னும் நூல் வருவது நின்றது. கிழிந்த வலையைப் பழைய நூலால் பொத்தினார்கள், பிறகு பொத்துவதற்கும் நூலில்லை. மாமா வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போய், ஒரு சரக்குக் கப்பலில் நிலக்கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். குருத்தோலை ஞாயிறன்று, கப்பல் புறப்படப் போகிறது என்று மாமா யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் ஊர்க்காரர் ஒருவர் கையில் வந்தது. அடுத்த ஞாயிறு, உயிர்த்த திருநாளில், கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. மாமாவின் கப்பல் அதற்கு முன்பே வெளியேறிவிட்டதாம். ஊரே அதைச் சொல்லி மாமியைத் தேற்றியது. சில மாதங்கள் கழித்து இந்தக் காகிதம் வந்தது.

விடுமுறைக்கு விடுமுறை அது எங்களுக்குள் ஒரு விளையாட்டானது. தெரியாத சொற்கள் இரண்டை மனப்பாடம் செய்துகொண்டு விடுதிக்குப் போவேன். அங்கே அகராதியில் தேடுவேன். திரும்பி வந்ததும் மாமி வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "மிஸ்ஸியம்மா வந்திட்டா! வெள்ளைக்காரனுக்குத் தும்மலும் இங்கிலீசிலதான் வருமாம். உனக்கு வரத் தொடங்கிட்டுதோ?" பெட்டகம் திறக்கும். நான் வாசிப்பேன். சொற்கள் தனித்தனியாகத்தான் வந்தன. ஒன்றோடொன்று சேரவில்லை. மாமி கேட்டுவிட்டு, "இன்னும் காணாது" என்று வாங்கி வைப்பார். அந்தக் காணாது எனக்கு ஒவ்வொரு முறையும் சுட்டது.

பதினாறாவது வயதில், மடு மாதா திருநாளுக்குப் போய் வந்த கிழமை, என் இங்கிலீசு காணும் என்றானது. மத்தியானம். அம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை விரித்துப் பிடித்து, திக்காமல், ஒரே மூச்சில், தமிழில் சொன்னேன். கொழும்பிலிருந்து புறப்பட்ட கப்பல் போகவேண்டிய துறைமுகத்தைச் சேரவில்லை. கப்பலைப் பற்றியோ அதில் வேலை செய்தவர்களைப் பற்றியோ எந்தத் தகவலும் இல்லை. யுத்த காலமாகையால் மேலதிக விபரம் தருவதற்கில்லை. உங்கள் கணவர் உட்பட அனைவரும் இறந்துவிட்டதாகவே கொள்ளவேண்டும். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

கடைசி வரியைச் சொல்லும்போதும் என் குரலில் பெருமைதான் இருந்தது. அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மாமி என்னையல்ல, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். இனிக் காணும்," என்றார். காகிதத்தை வாங்கி, பழைய மடிப்புகளிலேயே மடித்தார். "வெய்யிலுக்கை நிண்டு வந்தனி. போய்ச் சாப்பிடு."

அம்மா மீன் கையோடு வந்து என் தோளில் அடித்தார். "என்னடி செய்துபோட்டாய்? உனக்குத் தெரியாதோ?"

எனக்குத்தான் தெரியாது. இந்தக் காகிதம் வந்த அன்றே தபால் கந்தோரில் அதை வாசித்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வந்து முற்றத்தில் நின்று அழுதிருக்கிறார். மாமி அவரிடமிருந்து காகிதத்தை வாங்கி, "எனக்கு ஒருத்தரும் வாசிக்க வேண்டாம்" என்றாராம். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் யாரும் வாசிக்கவில்லை. பங்குச் சுவாமியாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மாமியின் தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது. நாங்கள் கார்த்திகை என்று சொல்லும் நவம்பர் மாதத்தில் மரித்த ஆத்துமாக்களின் பூசைக்குப் பெயர் எழுதும் கொப்பி வீடு வீடாக வரும்போது, எங்கள் வளவில் அப்பாவிடம் மட்டும் கேட்டுவிட்டு மாமியின் வாசலைத் தாண்டிப் போய்விடும். ஒரு முழு ஊர் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வாசிக்காமல் வைத்திருந்ததை, படித்த ஒரே பிள்ளை நான் வாசித்துவிட்டேன். வாசிக்கத் தெரியாத பிள்ளை என்பதால்தான் மாமி என்னிடம் அதைத் தந்தார் என்பது அன்று இரவுதான் எனக்கு விளங்கியது.

அந்தக் கார்த்திகையில் கொப்பிக்காரரை மாமியே கூப்பிட்டு மாமாவின் பெயரைச் சொன்னார். தாலிக்கொடி கூறைச் சேலைக்குள், காகிதத்தின் பக்கத்தில் போனது.

எங்கள் ஊரில் ஆத்துமாக்களின் திருநாளன்று, சேமக்காலையில் அடக்கம் பண்ணியவர்களுக்குக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கடலில் போனவர்களுக்குக் கரையில். எங்கள் மன்னார்த் தீவுக்கு இரண்டு கரை. வடகடலில் போனவருக்கு வடக்குக் கரையில், தென்கடலில் போனவருக்குத் தெற்குக் கரையில். அந்தத் திருநாளுக்கு விடுதியில் கேட்டு நானும் வந்திருந்தேன். மாமி திரியைக் கையில் வைத்துக்கொண்டு கோவில் வாசலில் நின்றார். மற்றப் பெண்கள் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து போனார்கள்.

"பிள்ளை, எந்தக் கடலெண்டு அதில போட்டிருக்கோ?"

"இல்லை மாமி. அது பெருங்கடல். எங்கட ரெண்டும் இல்லை."

"எல்லாக் கடலும் இந்த ரெண்டில ஒண்டாலதானே எங்களிட்ட வரவேணும்."

மாமி சேமக்காலையின் நடுவே பெரிய சிலுவை நிற்கும் குருசடியில், ஒருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில், திரியை ஏற்றினார். காற்றுக்கு அது இரண்டு முறை அணைந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் அங்கேதான். பெட்டகத்தடிக்கு என்னை அவர் மறுபடி கூப்பிடவேயில்லை. விடுமுறைக்கு வந்தால் சாப்பாடு தருவார், தலை வாரி இழுத்துவிடுவார், கேலி மட்டும் இல்லை. நானும் யாரோடும் இதைப் பேசவில்லை. விடுதியில் பேசினால் அவர்களுக்கு ஊர் விளங்காது. ஊரில் பேசினால் நான் படித்தது விளங்காது.

பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தேன். உலக யுத்தத்தின் காரணங்கள் ஐந்தை வரிசையாக எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். விரிவுரை மண்டபத்தில் பெரிய உலகப் படமொன்றைத் தொங்கவிட்டு, எந்தப் படை எந்தத் திசையில் போனது என்று அம்புக்குறிகளைக் காட்டினார்கள். சிவப்பு அம்பொன்று எங்கள் கடலைக் கடந்து போனது. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் அந்த அம்புக்கு எந்தப் பக்கத்தில் மாமா நிலக்கரி தள்ளிக்கொண்டிருந்தார் என்று தேடினேன். நூல் வராமல் போனது காரணங்களில் ஒன்றாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. மெழுகுதிரியோடு கோவில் வாசலில் நிற்கும் பெண் விளைவுகளிலும் இல்லை.

படிப்பு முடிந்து கொழும்பில் ஆசிரிய நியமனம் கிடைத்தது. போன நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நானே பெட்டகத்தடியில் போய் இருந்தேன்.

"மாமி, யுத்தம் முடிஞ்சு எவ்வளவு காலம். இப்ப மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அந்தக் கம்பனிக்கு எழுதிக் கேக்கட்டோ, கப்பல் எந்த இடத்தில போனதெண்டு?"

"கேள்," என்றார் மாமி. "ஆனா வாற கடதாசியை நீ முதல் வாசிச்சுப்போட்டு வராதை. எனக்கு முன்னால உடை. வாசி எண்டு நான் சொன்னாப்பிறகு வாசி."

காகிதத்தின் தலைப்பிலிருந்த விலாசத்துக்கு எழுதினேன். கம்பனியின் கொழும்புக் கந்தோர் மூடிவிட்டது என்று கடிதம் திரும்பி வந்தது. சீமையிலிருக்கும் தலைமைக் கந்தோருக்கு எழுதினேன். மாதங்கள் போயின. போன கிழமை பதில் வந்தது. மெல்லிய நீல உறை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தட்டச்சு வரிகள் நிழலாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மேசை லாச்சிக்குள் கவிழ்த்து வைத்துப் பூட்டினேன். வாசிக்கத் தெரிந்த நாள் முதல் என் கைக்கு வந்த எதையும் நான் வாசிக்காமல் விட்டதில்லை.

இதை ரயிலிலிருந்து எழுதுகிறேன். விடிந்துவிட்டது. மடு ரோட் ஸ்டேசனில் இறங்கவேண்டியவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். பெட்டியில் நான் மட்டும். நாளை மறுநாள் ஆத்துமாக்களின் திருநாள். தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் சன்னலுக்கு ஒரு பக்கம் ஒரு கடல், மறுபக்கம் மற்றக் கடல். மடியில் கைப்பை. பைக்குள் ஒரு மெழுகுதிரியும், ஒட்டுப் பிரிக்காத நீல உறையும்.