நல்லா இருக்கேன் சார்

பட்டாளத்தில் லாரி ஓட்டியவரை இன்றும் தெருவில் டிரைவரய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பல வருஷமாகிறது. மலைப்பாதையில் லாரி உருண்டதில் முதுகெலும்பு நொறுங்கியது, வலது கை விரல்களில் உணர்ச்சி போனது. காவல் வேலை, கிடங்கு வேலை என்று எங்கே சேர்ந்தாலும் ஒரு மாதம் தாண்டாது. சேர்ந்தாற்போல் அரைமணி நிற்க முடியாதவரை யார் வைத்துக்கொள்வார்கள்? குடும்பத்தை இழுத்தது அவர் மனைவிதான். விடியுமுன் ஆஸ்பத்திரியில் சலவை, சாயங்காலம் பிஸ்கட் கம்பெனி. பாவம், அவளுக்குத் தூக்கம் என்பதே பஸ்ஸில்தான்.

படையில் அடிபட்டவர்களுக்குப் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு கணக்குப் போடும். வேலைக்கே லாயக்கில்லை என்று தீர்மானித்தால் முழு உதவித்தொகை. முதல் தடவை மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு கர்னல். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. கைத்தடியை வெளியிலேயே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

மேலதிகாரி கேட்டால் பட்டாளத்துக்காரன் வேறென்ன சொல்வான்? இருபது சதவீதம் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மேல்முறையீட்டுக்கு மனைவியும் கூடவே உள்ளே நுழைந்தாள். இந்த முறை பெண் டாக்டர். அவர் கேட்டதும் இவர் மறுபடி நெஞ்சை நிமிர்த்தி அதே பதிலைச் சொன்னார்.

"பொய் சொல்றாரும்மா," என்றாள் மனைவி. "சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டு விடுறேன். படுத்தா, என் கையைப் பிடிச்சுத்தான் எழுந்திரிக்கணும். அதனால நான் வேலைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் படுக்கவே மாட்டாரு. எவ்வளவு வலிச்சாலும் உக்காந்தே கிடப்பாரு."

அது அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களே சொல்லுங்கய்யா. வேலை செய்ய முடியுமா?"

 டிரைவரய்யா அனுமதி கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முடியலைம்மா."

முழுத்தொகைக்கு உத்தரவு வந்தது. அந்த டாக்டர் நல்லா இருக்கணும் என்று டிரைவரய்யா பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். வீட்டுக்காரியிடம் மட்டும் நன்றி சொல்லத் தெரியவில்லை. அவள் சலவை வேலையை விட்டாள்.

மறுநாள் வெயில் ஜன்னலைத் தாண்டி வந்தும் அவள் அசையவில்லை. அவருக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. எழுப்ப மனம் வராமல் அப்படியே கிடந்தார். இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

திடீரென்று அவள் பதறி எழுந்தாள். "ஐயையோ, நேரமாயிடுச்சே."

"எங்க போகப்போற?" என்றார். "பேசாம தூங்கு."